ஓர் எழுத்து, 37 பாலிசிகள்

எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் ஒரு சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய தாள்கள், ஒன்றோடொன்று டேப் போட்டு இணைத்து, தரையிலிருந்து கூரை வரைக்கும். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி நிர்வாக மென்பொருளை முழுவதுமாக ஒரே படமாக வரைந்து தரும் என்று சொல்லி வாங்கிய கருவி வரைந்தது அது. சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவே கோடுகள். கோடுகள் நெருங்கிய இடங்கள் கறுப்பாகவே தெரிந்தன. நான் அந்தக் குழுவில் சேர்ந்தபோது படம் ஒட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் முன்னால் ஒருவர்கூட நின்று பார்த்து நான் கண்டதில்லை.

மென்பொருள் கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. 1980களின் கடைசியில் ஆரம்பித்தது, ஏறத்தாழ 6 லட்சம் வரிகள். எழுதியவர்களில் வேலையில் இருப்பவர் யாரும் இல்லை. ஆவணம் என்று சொல்லிக்கொள்ள 1991இல் பைண்டு செய்த ஒரு கோப்பு இருந்தது. அதிலும் நடுவில் பக்கங்கள் இல்லை. ஆனால் மென்பொருள் ஒவ்வோர் இரவும் ஓடுகிறது. பிரீமியம் வரவு வைக்கிறது, கட்டாத பாலிசிகளைக் காலாவதியாக்குகிறது, முதிர்ந்தவற்றுக்குப் பணம் அனுப்புகிறது. அது என்ன செய்கிறது என்று முழுவதுமாகத் தெரிந்த மனிதர் மட்டும் இல்லை.

சுவரில் இருந்த படத்தில் பொய் ஒன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் நிஜமாகவே நிரலில் இருக்கும் ஒரு பாராதான், அதாவது பெயரிட்ட ஒரு சிறு பகுதி. ஒவ்வொரு கோடும் நிஜமாகவே நடக்கும் ஓர் அழைப்புதான். ஆனால், ஜனவரி பிரீமியம் கட்டாத ஒருவர் மார்ச் முதல் வாரம் இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா என்று அந்தப் படத்திடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. நிரலில் இருந்ததை வேறு வடிவத்தில் திரும்ப எழுதியிருந்தது, அவ்வளவுதான். 1990இல் எலியட் சிகோஃப்ஸ்கியும் ஜேம்ஸ் கிராஸும் ரிவர்ஸ் எஞ்சினீயரிங் என்ற இந்தத் துறையின் சொற்களை வரையறுத்தபோதே இந்த வித்தியாசத்தைப் பிரித்து வைத்தார்கள். நிரலை அதே மட்டத்தில் வேறு வடிவில் எழுதுவது ஒன்று, நிரலுக்குப் பின்னால் இருந்த வடிவமைப்பை மீட்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு நிரல் மட்டும் போதாது, அந்தத் தொழிலைப் பற்றிய அறிவும் நிரலுக்கு வெளியே இருந்து வரும் தகவலும் வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். நிரலுக்கு வெளியே என்ற அந்தச் சொற்களை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அது புரிந்தது.

முழுப் படம் வரையும் எண்ணத்தை நாங்கள் கைவிட்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர். எங்கள் வாடிக்கையாளரான அந்தக் காப்பீட்டு நிறுவனம் கேட்ட ஒரு மாற்றத்திலிருந்து தொடங்கினோம். காலாவதியான பாலிசிகளைப் புதுப்பிக்க ஒரு புதிய சலுகைத் திட்டம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில், இந்த மென்பொருளைப் பொறுத்தவரை காலாவதி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பாலிசிப் பதிவில் அதற்கென்று ஒரே ஓர் எழுத்துக்கான இடம் இருந்தது. ஏ என்றால் ஆக்டிவ், எல் என்றால் லேப்ஸ் (காலாவதி), பி என்றால் பெய்டு-அப் (சில வருடம் கட்டிய பிறகு பிரீமியம் நின்று, குறைந்த தொகையோடு தொடர்வது), எஸ் சரண்டர் (இடையில் ஒப்படைத்தது), எம் மெச்சூரிட்டி (முதிர்வு), டி இறப்பு. அந்த ஓர் எழுத்தை யார் யார், எப்போது, எந்த நிபந்தனையில் மாற்றுகிறார்கள்? இந்தக் கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டோம். மற்ற 6 லட்சம் வரிகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று முடிவு.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் வேலை சின்னதாக இருக்கவில்லை. அந்தப் புலத்தின், அதாவது பதிவில் அந்த எழுத்துக்கான இடத்தின், பெயரைத் தேடினால் 118 இடங்களில் அதில் மதிப்பு எழுதப்படுவது கிடைத்தது. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். பிறகுதான் ஒவ்வொரு புரோகிராமிலும் அதே எழுத்துக்கு வேறு வேறு பெயர் இருப்பது தெரிந்தது. கோபாலில் ஒரு பதிவை அப்படியே அள்ளி இன்னொரு பதிவுக்குள் கொட்டலாம். அப்போது உள்ளே இருக்கும் புலங்களின் பெயர் எங்குமே வராது. அதைவிடச் சிக்கல், ரீடிஃபைன்ஸ் என்ற வசதி. நினைவகத்தின் ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடம் கொடுக்கலாம். ஒரு வரைபடத்தில் அது பாலிசி நிலை, இன்னொன்றில் அது ஏஜெண்ட் குறியீட்டின் கடைசி எழுத்து. எந்த நேரத்தில் எது என்பதை வேறு ஒரு புலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இது ஏதோ பழங்கால மொழியின் தனிக் குறை என்று நினைத்துவிட வேண்டாம். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பல வருடம் பயன்படுத்தாமல் விட்ட ஒரு பழைய செயல்பாட்டை இயக்க நிரலில் ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறி) இருந்தது. அதே கொடியைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அந்த ஒன்றில் கொடி தன் பழைய அர்த்தத்திலேயே வேலை செய்தது. ஓர் இடம், இரண்டு அர்த்தம். எங்கள் எழுத்தும் அப்படிப்பட்டதுதான் என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தோம். ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய், அதைப் பாதிக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறைக்கு ஸ்லைசிங் என்று பெயர். மார்க் வைசர் 1981இல் முன்வைத்தது. கருவிகள் இருக்கின்றன. பாதியைக் கருவி செய்தது, பாதியைப் பென்சில் செய்தது. கடைசியில் எண்ணிக்கை 143 ஆனது.

இந்த 143 இடங்களையும் ஒரு அட்டவணையில் போட்டோம். முதல் பத்தி, எந்த நிலையிலிருந்து. இரண்டாவது, என்ன நிகழ்ந்தால். மூன்றாவது, எந்த நிபந்தனையில். நான்காவது, எந்த நிலைக்கு. ஐந்தாவது, எந்தப் புரோகிராம், எந்த வரி. அந்த ஐந்தாவது பத்திதான் எங்களுக்கு உயிர். ஒருவர் அட்டவணையில் ஒரு வரி எழுதினால், நிரலில் அதற்கான இடத்தைக் காட்ட வேண்டும். "அப்படித்தான் இருக்கும்" என்பதற்கு அட்டவணையில் இடம் கிடையாது. அட்டவணை சாதாரண எழுத்துக் கோப்பாக நிரலுக்குப் பக்கத்திலேயே, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் இருந்தது. அதிலிருந்து கிராஃப்விஸ் என்ற மென்பொருள் தானாகப் படம் வரைந்துகொள்ளும். கையால் யாரும் படத்தைத் தொடக் கூடாது. கையால் அழகாக்கிய படம் மறு வாரமே நிரலிலிருந்து விலகிவிடும், பிறகு அதை நம்பிக் கெட்டுப்போவோம்.

தஞ்சாவூரில் கல்லூரி படித்தபோது ஒரு முறை கல்வெட்டுப் படி எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் பரப்பி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குகிறார்கள். பிறகு மை ஒற்றினால் கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக எழுந்து வருகிறது. கல்லில் இருக்கும் விரிசலும் வருகிறது, சிற்பியின் உளி நழுவிய கோடும் வருகிறது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பதைப் படிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவைப் படியின்மேல் எழுதுவதில்லை. படி வேறு, வாசிப்பு வேறு. எங்கள் அட்டவணையிலும் இரண்டு கோப்புகள் வைத்துக்கொண்டோம். ஒன்று நிரல் செய்வதை அப்படியே எடுத்த படி. இன்னொன்று அதற்கு நாங்கள் கொடுக்கும் வாசிப்பு, அதாவது விதி. இந்தப் பிரிவினை இல்லாமல் இருந்திருந்தால் பிப்ரவரி விவகாரத்தில் நாங்கள் தடுக்கி விழுந்திருப்போம்.

அட்டவணை ஓரளவு வந்ததும் அதை ஓட்டிப் பார்த்தோம். நிஜமாகவே ஓட்டுவது. பெயர், முகவரி எல்லாம் நீக்கிய மூன்று மாதப் பரிவர்த்தனைகளை வாங்கி, ஜனவரி 1 அன்று ஒவ்வொரு பாலிசியும் இருந்த நிலையிலிருந்து தொடங்கி, அட்டவணையில் இருக்கும் விதிகளை மட்டும் வைத்து மார்ச் 31 வரை நகர்த்தினோம். முடிவில் அட்டவணை சொல்லும் நிலையையும், பழைய மென்பொருள் நிஜமாக எழுதியிருந்த நிலையையும் தேதியோடு ஒப்பிட்டோம். முதல் இரவு 2,314 இடங்களில் பொருந்தவில்லை. என்னோடு இருந்த இரண்டு பேரும் சோர்ந்து போனார்கள். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. சுவரில் இருந்த படம் தவறா சரியா என்று யாராலும் சொல்ல முடியாமல் இருந்தது. இந்த அட்டவணை எங்கே தவறு என்று பாலிசி எண்ணோடு சொல்கிறது. ஒரு பட்டியல் கையில் இருந்தால் தினமும் கொஞ்சம் குறைக்கலாம். அடுத்த நான்கு மாதம் எங்கள் வேலை அதுதான். காலையில் வந்து பட்டியலைப் பார்ப்பது, ஒரே மாதிரியான தவறுகளைச் சேர்த்துக் கட்டுவது, அந்தக் கட்டுக்குக் காரணமான வரியை நிரலில் தேடுவது, அட்டவணையைத் திருத்துவது, இரவு மறுபடி ஓட்டுவது.

பொருந்தாதவற்றில் பெரிய கட்டு பிப்ரவரியில் இருந்தது. பிரீமியம் கட்ட வேண்டிய தேதி பிப்ரவரியில் இருக்கும் பாலிசிகள் எங்கள் அட்டவணைப்படி ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே காலாவதியாகின. ஜனவரி 30, 31ஆம் தேதிகளிலும் அதே கதை. தேதி தாண்டியும் பிரீமியம் கட்ட விடும் சலுகை நாட்கள் மாதத் தவணைக்கு 15, அதில் சிக்கல் இல்லை. வருட, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு ஒரு மாதம் என்று எழுதியிருந்தோம். நிரலில் அந்த இடத்தைப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து நிபந்தனைகள். மாதம் 2 என்றால் நாளோடு 2 கூட்டு. லீப் வருடமாக இருந்தால் 1 மட்டும் கூட்டு. மாதம் 1, நாள் 30 என்றால் மார்ச் 1. நாள் 31 என்றால் மார்ச் 2. அதுவே லீப் வருடமானால் மார்ச் 1. பக்கத்தில் ஒரு குறிப்புகூட இல்லை.

இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் அந்தப் பகுதியைக் கொடுத்துப் பார்த்தோம். பிப்ரவரியில் 30ஆம் தேதி இல்லாததால் தேதி செல்லாததாகிவிடாமல் தடுக்கும் திருத்தம் என்று தெளிவான நடையில் விளக்கம் வந்தது. படிக்க நன்றாக இருந்தது, ஆனால் தவறு. பிப்ரவரி 10ஆம் தேதிக்கும் 2 நாள் கூட்டுகிறதே, அதில் எந்தத் தேதி செல்லாததாகிறது? அந்தக் கருவிகளை நான் ஒதுக்குவதில்லை. நீளமான பாராவைச் சுருக்கவும், ஒரே வேலையைச் செய்யும் பகுதிகளைத் தேடவும் தினமும் உபயோகிக்கிறேன். ஆனால் அது தரும் காரணங்களை ஐந்தாவது பத்தி இல்லாத வரியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

காரணம் கிடைத்தது வீட்டில். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பீரோவில் இருந்த பத்திரங்களை எடுத்து வெயில் காட்டிக்கொண்டிருந்தார். அதில் அப்பா பெயரில் இருந்த ஒரு பழைய பாலிசிப் பத்திரம். பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். சலுகைக் காலம் ஒரு மாதம், ஆனால் 30 நாட்களுக்குக் குறையாமல் என்று இருந்தது. உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பிப்ரவரி 10க்கு ஒரு மாதம் என்றால் மார்ச் 10, அது 28 நாள்தான். 30 ஆக வேண்டுமென்றால் மார்ச் 12. ஜனவரி 31க்கு 30 நாள் தள்ளினால் மார்ச் 2. வருடத்தில் மற்ற எந்தத் தேதிக்கும் ஒரு மாதம் என்பது 30 நாளுக்குக் குறைவதில்லை. ஐந்து நிபந்தனைகளும் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டன. ஒரு மாதம் கழித்து வரும் தேதி, 30 நாள் கழித்து வரும் தேதி, இரண்டில் எது பிந்தியதோ அது. தேதிக் கணக்குக்கு நூலகங்கள் இல்லாத காலத்தில் ஒருவர் காலண்டரை எதிரே வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை ஐந்து நிபந்தனைகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் 1980 முதல் 2039 வரை 60 வருடத்தின் 21,915 நாட்களுக்கும் இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டோம். 15 நாட்களில் மட்டும் வேறுபட்டது. எல்லாமே லீப் வருடத்தின் ஜனவரி 30. விதிப்படி பிப்ரவரி 29 வர வேண்டும், நிரல் மார்ச் 1 தருகிறது. எழுதியவர் 31ஆம் தேதிக்கு லீப் வருடத்தைக் கவனித்தார், 30க்கு விட்டுவிட்டார். அந்த ஒரு நாள் பாலிசிதாரருக்குச் சாதகம். படிக் கோப்பில் அது அப்படியே இருக்கிறது. விதிக் கோப்பில் விதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இந்த வேறுபாடு ஒரு தனி வரியாக இருக்கிறது. அதைத் திருத்துவதா, இப்படியே விடுவதா என்பது எங்கள் முடிவு இல்லை.

பழைய மென்பொருளிலிருந்து மீட்கும் மாடல் என்றால் எனக்கு இதுதான். ஐந்து நிபந்தனைகளைப் பெட்டிகளாக வரைவது எளிது, அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. அந்த ஐந்தும் எந்த வாக்கியத்திலிருந்து வந்தன என்று பிடிப்பதும், பிடித்தது சரிதானா என்று 21,915 முறை சோதிப்பதும்தான் எனக்குப் பிடித்த வேலை.

இதே மாதிரி கிடைத்த மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேதிகள் எல்லாம் ஆறு இலக்கம், வருடத்துக்கு இரண்டு இலக்கம். 2000ஆம் ஆண்டுச் சிக்கலுக்காகத் திருத்தியபோது பதிவின் நீளத்தைக் கூட்டாமல், 40க்குக் குறைந்த வருடம் 20ஆல் தொடங்கும், மற்றவை 19 என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் பிறந்த தேதிக்கு அது ஒத்துவராது. முதிர்வுத் தேதியில் 35 என்றால் 2035. பிறந்த தேதியில் 35 என்றால் 1935. அதனால் நிரலில் ஒரே வகையாகத் தெரியும் தேதி, மாடலில் இரண்டு வகை. போனஸ் கணக்கில் ரவுண்டட் என்ற சொல் சில வரிகளில் இருந்தது, சிலவற்றில் இல்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் கோபால் மிச்ச இலக்கத்தை வெட்டிவிடும். வேறு மொழியில் திரும்ப எழுதுகிறவர் எல்லா இடத்திலும் முழுமையாக்கினால் பைசாக் கணக்கில் வித்தியாசம் வரும், 20 வருடப் போனஸில் அது ரூபாயாகும். எந்த வரி வெட்டுகிறது, எந்த வரி முழுமையாக்குகிறது என்பதையும் படியில் குறித்தோம். நிரலின் ஒவ்வொரு வரியிலும் 73 முதல் 80 வரையிலான இடங்களைக் கோபால் பொருட்படுத்தாது. துளை அட்டைக் காலத்தில் அட்டை எந்தப் புரோகிராமைச் சேர்ந்தது என்று குறிக்க வைத்த இடம் அது. எங்கள் நிரலில் அங்கே மாற்றியவரின் இனிஷியலும் மாதமும் இருந்தன. ஒரே இனிஷியல் நிறைய இடத்தில், குறிப்பாக நுணுக்கமான இடங்களில் இருந்தது. பிப்ரவரி நிபந்தனைகளிலும் அதுவே. அவர் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார். "இது அவர் எழுதினது, காரணம் இல்லாம இருக்காது" என்று குழுவில் பேசிக்கொள்வோம்.

இனி அந்த எழுத்து.

அட்டவணை நீண்டுகொண்டே போனதால் சுருக்க வழி தேடினோம். டேவிட் ஹரேல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறையில் நிலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம். இஸ்ரேலியப் போர் விமானம் ஒன்றின் மின்னணுக் கருவிகளின் நடத்தையை அந்தப் பொறியாளர்களோடு உட்கார்ந்து விவரிக்கப் போனபோது அவர் உருவாக்கியது. பணம் தர வேண்டிய பாலிசி என்று ஒரு வெளிநிலை வைத்து, அதற்குள் ஆக்டிவ், சலுகைக் காலம், பெய்டு-அப் மூன்றையும் போட்டால், இறப்பு என்ற நிகழ்வை ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் அப்படி வைக்கும்போது உள்ளே யார் யார் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். நிரலில் அப்படி இல்லை. இறப்புக் கிளெயிம் புரோகிராம் இப்படிப் போகிறது: எல் என்றால் நிராகரி, எஸ் அல்லது எம் அல்லது டி என்றால் ஏற்கெனவே முடிந்தது, மற்றபடி பணம் கொடு. அந்த மற்றபடிக்குள் யார் இருக்கிறார்கள்?

எங்கள் அட்டவணையில் மற்றபடி என்ற சொல்லே கூடாது என்று விதி வைத்தோம். எல்லா எழுத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதற்காக நிஜப் பதிவுகளில் எந்தெந்த எழுத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தோம். எதிர்பார்த்த ஆறும் வந்தன. ஏழாவதாக எச் என்று ஒன்று வந்தது. 37 பதிவுகள்.

எங்களிடம் இருந்த 143 இடங்களில் எதுவும் எச் எழுதுவதில்லை. மூன்று முறை தேடினோம். 1991 கோப்பில் இல்லை. எந்தப் புரோகிராமும் எச் என்று கேட்பதும் இல்லை. நிரலைப் பொறுத்தவரை அப்படி ஓர் எழுத்தே கிடையாது. குழுவில் இளையவர், தவறான மதிப்பு என்று குறித்து, புதிய அமைப்புக்குப் போகும்போது பிழைப் பட்டியலில் தள்ளிவிடலாம் என்றார். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், அட்டவணையில் பிழை என்று என் கையாலேயே எழுதினேன். ஆனால் 37 பாலிசிகளும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று மறுநாள் தெரிந்தது. கடலோரக் கிளை. கடைசியாகப் பிரீமியம் வரவான தேதிகள் எல்லாம் 2004ஆம் ஆண்டு.

அந்த இனிஷியலுக்கு உரியவர் ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் இருக்கிறார் என்று வாடிக்கையாளர் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். போனில் அனுமதி கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிப்ரவரி நிபந்தனைகளைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது. லீப் வருட ஜனவரி 30ஐச் சொன்னபோது, ஒரு நிமிடம் யோசித்து, "ஆமாம்மா, விட்டிருக்கேன்" என்றார். பிறகு எச் பற்றிக் கேட்டேன்.

"எச்சா? இன்னும் எத்தனை இருக்கு?"

"முப்பத்தேழு சார்."

"ஆயிரத்துக்கு மேல போட்டோம்மா அன்னைக்கு."

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கிளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மையக் கணினியில் ஏற்றாத ரசீதுக் கட்டுகள் போயின. யார் டிசம்பர் பிரீமியம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று சொல்ல வழியில்லை. ஜனவரி முடிவதற்குள் இரவு ஓட்டம் அந்தப் பாலிசிகளை எல்லாம் காலாவதியாக்கிவிடும். அந்தக் கிளைக்கு உட்பட்டவர்களில் இறந்தவர்களும் இருந்தார்கள், கிளெயிம் வரும். புரோகிராம்களைத் திருத்திச் சோதித்து ஏற்ற அவகாசம் இல்லை. அவர் யோசித்தது இதுதான்: காலாவதி ஓட்டம் ஏ என்ற எழுத்தை மட்டும் தேடுகிறது. கிளெயிம் புரோகிராம் எல் என்ற எழுத்தை மட்டும் நிராகரிக்கிறது. இரண்டுக்கும் தெரியாத ஓர் எழுத்தைப் போட்டால் முன்னது தொடாது, பின்னது பணம் கொடுக்கும். ஹோல்டு என்பதற்கு எச். ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, அந்தக் கிளையின் நிலுவைப் பாலிசிகளுக்கு மட்டும் ஓட்டி, வேலை முடிந்ததும் நீக்கிவிட்டார். பிறகு கிளையில் ஒவ்வொருவராக வரவர, ரசீதைப் பார்த்தோ எழுதி வாங்கியோ கையால் ஏ என்று மாற்றிக்கொண்டே வந்தார்கள். ஒரு வரிகூட மாற்றாமல், இருக்கிற புரோகிராம்கள் எதைக் கேட்கவில்லை என்பதை வைத்தே அவர் அந்த ஆயிரம் குடும்பங்களையும் காப்பாற்றியிருக்கிறார்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு மென்பொருளின் உயிர் அதை எழுதியவர்களின் மனதில் இருக்கும் புரிதல்தான், நிரலையும் ஆவணத்தையும் மட்டும் வைத்து அதை மீட்க முடியாது என்று வாதிட்டார். படித்தபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்திருந்தேன். மயிலாடுதுறையில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை. நிரலில் இல்லாத ஒன்றை நிரலிலிருந்து நான் எப்படி எடுத்திருக்க முடியும்?

ஆனால் நான் அங்கே போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. எச் என்ற நிலையை அட்டவணையில் சேர்த்து, ஒவ்வொரு நிகழ்வும் அதை என்ன செய்கிறது என்று வரிசையாக ஓட்டிப் பார்த்திருந்தோம். காலாவதி ஓட்டம் தொடாது. இறப்பு வந்தால் பணம் கிடைக்கும். முதிர்வு வந்தால்? முதிர்வு ஓட்டம் ஏ, பி இரண்டையும் மட்டும்தான் எடுக்கிறது. எச் அதற்குத் தெரியாது. படத்தில் எச் என்ற வட்டத்திலிருந்து எம் என்ற வட்டத்துக்குக் கோடு இல்லை. 37இல் 14 பாலிசிகள் முதிர்வுத் தேதியைத் தாண்டிவிட்டன. அந்த 14 பேரும் மூன்று வருடத்துக்கு மேல் பிரீமியம் கட்டியவர்கள். யாருக்கும் பணம் போகவில்லை.

சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. "முதிர்வு... அதைப் பாக்கலையேம்மா நான்" என்றார். "ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும்னுதானே போட்டோம்." காபி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பதினாலா?" என்று கேட்டார். வீட்டோடு பத்திரமும் போனவர்களுக்கு, தனக்கு ஒரு பாலிசி இருந்தது என்பதே நினைவில் இருக்காது என்றார். அந்த ஊரில் எந்தெந்தக் குப்பத்துக்காரர்கள் அந்தக் கிளையில் கட்டிவந்தார்கள், யார் ஏஜெண்டாக இருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய இனிஷியலைக் கீழே போட்டார்.

அந்தத் தாளையும் எங்கள் 14 பாலிசி எண்களையும் வாடிக்கையாளரிடம் கொடுத்தோம். எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர்களுடைய ஆக்சுவரிகள் (காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்கள்) முடிவு செய்தார்கள்; குறைந்தது பெய்டு-அப் கணக்கில். ஆட்களைத் தேடும் வேலை கிளைக்குப் போனது. நான் இதை எழுதும்போது ஒன்பது குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அட்டவணையில் பிழை என்று நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு எச்சுக்கு நான்கு வரிகள் சேர்த்தோம். மூன்று வரிகளுக்கு ஐந்தாவது பத்தியில் புரோகிராமும் வரி எண்ணும் இருந்தன. நான்காவது வரி இது: எச் நிலையில், முதிர்வுத் தேதி வந்தால், பெய்டு-அப் கணக்கில் தொகை, எம் நிலைக்கு. அதற்கு நேரே ஐந்தாவது பத்தி காலியாக இருந்தது. நாங்கள் தொடங்கியதிலிருந்து நிரலில் இல்லாத ஒன்றை அட்டவணையில் எழுதியது அதுதான் முதல் முறை. அடுத்த மாத வெளியீட்டில் முதிர்வு ஓட்டத்தில் அந்த நிபந்தனையைச் சேர்த்தார்கள். அதன் பிறகு புரோகிராமின் பெயரையும் வரி எண்ணையும் அந்தக் காலிக் கட்டத்தில் நிரப்பினேன்.